பாலை நிறுத்திய பிறகு என்ன?

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடலோரக் குப்பமாக இருந்தாலும் சரி, செங்கல்பட்டு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலும் சரி, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு நாளாகப் பேதி நிற்கவில்லை என்றால் வீட்டில் முதலில் பழி விழுவது பால் மேல்தான். "பால் ஒத்துக்கல, நிறுத்திடும்மா" என்பார் பாட்டி. மெடிக்கல் ஷாப்பிலும் அதையே சொல்வார்கள். அந்த வாரத்துக்கு அது பல நேரம் சரியான யோசனையாகவே இருந்துவிடும். பிழை நடப்பது அதற்குப் பிறகுதான். பேதி நிற்கிறது, குழந்தை தெளிகிறது, "இவனுக்குப் பால் ஆகாது" என்பது முடிந்த முடிவாகி அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அவன் கூடவே போகிறது. பாலை நிறுத்திப் பார்ப்பது சோதனையில் பாதிதான். திரும்பக் கொடுத்துப் பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியை முடிக்காமல் எந்தக் குழந்தைக்கும் பால் ஆகாது என்று தீர்மானிக்கக் கூடாது. அதற்கான காரணங்களையும், எதிராகச் சொல்லப்படும் நியாயமான கேள்விகளையும் இங்கே பார்க்கலாம்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். 100 மில்லி பசும்பாலில் அது சுமார் 5 கிராம், தாய்ப்பாலில் சுமார் 7 கிராம். இதை உடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ள முடியாது, இரண்டாக உடைத்தாக வேண்டும். உடைப்பது லாக்டேஸ் என்னும் நொதி. சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேற்பகுதியில்தான் அந்த நொதி இருக்கிறது. அது போதவில்லை என்றால் லாக்டோஸ் உடையாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்கும். உடையாத சர்க்கரை தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தையின் வயிறு உப்பும், உள்ளே கடமுடவென்று உருளும், காலை மடக்கிக்கொண்டு அழும். பிறகு காற்றோடு சேர்ந்து நுரை நுரையாகத் தண்ணீராய்ப் பீறிடும். மலத்தில் புளித்த வாடை வரும். அமிலம் பட்டு ஆசனவாயைச் சுற்றிய தோல் வெந்ததுபோல் சிவந்துவிடும். கழுவுவதற்குக் காலில் போட்டாலே குழந்தை துடிக்கும். இந்தப் புளித்த வாடையும் சிவப்பும் சேர்ந்து இருந்தால், பால் சர்க்கரை செரியவில்லை என்று சந்தேகிக்க நல்ல ஆதாரம் இருக்கிறது.

பால் புரத ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அங்கே தகராறு சர்க்கரையால் வருவதில்லை. பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பு சக்தி பகையாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், வாந்தி, மூச்சிரைப்பு என்று வேகமாகக் கிளம்புவது. இது உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றொன்று மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ மெதுவாக வருவது: மலத்தில் சளி, இரத்தம், தீராத பேதி, வாந்தி, எடை ஏறாமை. சில குழந்தைகளுக்கு மலச்சிக்கல்கூட வரும். மலத்தில் இரத்தம் கண்டால் அதைப் பால் சர்க்கரைக் கணக்கில் எழுதவே கூடாது, சர்க்கரை செரியாததால் இரத்தம் வராது. வீட்டிலேயே கவனிக்கக்கூடிய இன்னொரு வேறுபாடு தயிரில் இருக்கிறது. பால் தயிராகும்போது பாக்டீரியா லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மீதியை உடைக்க உதவும் நொதியையும் கூடவே கொண்டுவரும். ஆகவே சர்க்கரை செரியாத குழந்தை பாலுக்கு அழுதாலும் தயிர்சாதத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் பன்னீரும் பாலைப் போலவே தொல்லை தரும். சர்க்கரை செரியாமையில் எவ்வளவு குடித்தது என்பது முக்கியம். ஒவ்வாமையில் ஒரு கரண்டியே போதும்.

இங்கே படித்தவர்கள் எழுப்பும் ஒரு கேள்வி உண்டு. தென்னிந்தியர்களில் பெரும்பாலானோருக்குப் பால் செரிக்காது என்று மரபணு ஆய்வுகளே சொல்லும்போது, குழந்தைக்கு மட்டும் செரிக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? கேள்வியின் முதல் பாதி உண்மை. பெரியவர்களான பிறகும் லாக்டேஸ் சுரக்க வைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகமாகவும், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவாகவும் இருப்பதை 2012ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தின் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தில் ஒருவர் குத்துக்காலிட்டுப் பால் கறக்கிறார், பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. மாடும் பாலும் இந்தக் கரைக்கு அவ்வளவு பழக்கம். ஆனாலும் வளர்ந்தவர்கள் இங்கே பாலைப் பெரும்பாலும் தயிராகவும் மோராகவும்தான் உண்டு வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் உடலின் அறிவும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த மரபுக் குறைபாடு பிறந்ததும் வெளிப்படுவதில்லை. தாய்ப்பாலின் 7 சதவீத லாக்டோஸை எந்த மரபினரின் கைக்குழந்தையும் செரித்துக்கொள்கிறது. நொதி படிப்படியாகக் குறைந்து தொந்தரவாக வெளிப்படுவது பொதுவாக 2, 3 வயதுக்குப் பிறகுதான், பலருக்கு 5 வயதும் தாண்டிவிடும். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நோய் மிக மிக அரிது, அது அதிகம் பதிவானது ஃபின்லாந்தில். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பால் ஆகாது என்பது ஒன்றரை வயதுக் குழந்தையின் பேதிக்கு விளக்கமாகாது. அந்த வயதில் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்த வேறு காரணம் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பு வந்துபோன குடல் தொற்றாக இருக்கும். ரோட்டா வைரஸ், ஜியார்டியா போன்ற கிருமிகள் குடலுறிஞ்சிகளின் நுனியைத்தான் முதலில் சிதைக்கின்றன, லாக்டேஸ் இருப்பதும் அங்கேதான். தொற்று அடங்கிய பிறகும் நுனி திரும்ப வளரும்வரை பால் சர்க்கரை செரிக்காது. காய்ச்சலும் வாந்தியும் நின்று, பேதி மட்டும் நீடிப்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். ஏரிகளும் ஆழமில்லாத கிணறுகளும், மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீரும் கலக்கும் வாய்ப்பும் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தில் குடல் தொற்று புதிதல்ல. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, பேதியோடு பலர் மருத்துவமனையில் சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதைச் சரியாகப் போட்டுக்கொள்வதும், பிற்காலத்தில் "பால் ஒத்துக்கல" என்ற பேச்சு வராமல் தடுக்கும் ஒரு வழிதான். தொற்றுக்குப் பின் வரும் இந்தச் செரியாமை தற்காலிகமானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வாரங்களில் சரியாகும், மெலிந்த குழந்தைகளுக்குச் சற்று நாளாகலாம். குடல் ஆறிவிட்டதா என்பது பாலைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் பேதி தொடங்கிய அன்றே பாலை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். இதை உலக அளவில் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். 2013ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பின்படி, பேதி உள்ள குழந்தைகளுக்கு லாக்டோஸ் இல்லாத பால் கொடுத்தால் பேதி சராசரியாக 18 மணி நேரம் முன்னதாக நிற்கிறது. பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதால் அந்த நாட்கள் குறையவில்லை. 18 மணி நேரம் என்பது மருத்துவமனையில் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கு மதிப்புள்ளது. வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டைக் குறைக்க அது காரணமாகாது. அந்த நாட்களில் உயிரைக் காப்பது ஓஆர்எஸ் கரைசலும் துத்தநாக மருந்தும்தான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அளந்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், தம்ளர் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்கக் கூடாது. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அதில் லாக்டோஸ் அதிகம் இருந்தும் பேதியின்போது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

பாலை நிறுத்த மனமில்லாத வீடுகளில் வேறு மாதிரி சமாதானம் நடக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து நீல பாக்கெட்டுக்கு மாறுவார்கள். மாறுவது கொழுப்பின் அளவுதான், ஆரஞ்சில் 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். லாக்டோஸ் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று கூடுதல் விலை கொடுப்பதிலும் இதே கதைதான், அவற்றிலும் லாக்டோஸ் குறைவில்லை, ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்களும் இருக்கின்றன. ஆட்டுப்பால் இலகுவானது என்ற நம்பிக்கை வலுவானது. ஆனால் பசும்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப் பாலும் அப்படியே. தெருவில் கழுதையை ஓட்டி வந்து பாலாடை அளவில் கறந்து விற்கிறார்களே, அந்தப் பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிட அதிகம், அதோடு காய்ச்சாமல் குடிப்பதால் புதிய தொற்றுக்கும் வழி. கடையில் விற்கும் பாதாம் பால் பெரும்பாலும் பாதாம் சேர்த்த பசும்பால்தான். பாலை நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதை வாங்கிக் கொடுத்தால் சோதனையே பாழாகிவிடும்.

சோதனை என்று சொல்வதைச் செய்வது கடினமில்லை, ஒழுங்குதான் வேண்டும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டங்களே போதும். காலை 7 மணிக்குப் பால் 150 மில்லி, 8 மணிக்கு வயிறு உப்பல், 9 மணிக்குத் தண்ணீராக ஒருமுறை, நுரை உண்டு, மதியம் தயிர்சாதம், ஒன்றும் இல்லை. இப்படி மூன்று நாள் எழுதினாலே ஒரு வடிவம் தெரிந்துவிடும். பாலோடு சேராமல் பழச்சாறு, பிஸ்கட் கொடுத்த நாட்களில்தான் பேதி என்றால் பாலைக் குற்றம் சொல்ல இடமில்லை. சந்தேகம் பாலில் வந்து நின்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் பாலையும், பால் கலந்த மால்ட் பானம், ஐஸ்கிரீம், பால்பவுடர் சேர்ந்த பிஸ்கட்டையும் நிறுத்த வேண்டும். பாக்கெட் உணவில் பால் சேர்ந்திருந்தால் லேபிளில் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதைப் படித்துப் பார்க்கலாம். பேதி நின்ற பிறகு முதலில் தயிர். இரண்டு நாள் கழித்துச் சாதத்திலோ கஞ்சியிலோ கலந்து 50 மில்லி பால். தொந்தரவில்லை என்றால் ஓரிரு நாள் இடைவெளியில் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். வெறும் வயிற்றில் குடிக்கும் பாலைவிட உணவோடு சேர்ந்த பாலைக் குடல் எளிதாகத் தாங்கும். மறுபடி பேதி வந்தால் இன்னும் சில வாரம் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். ஆனால் ஒரே ஒருமுறையாவது பால் குடித்ததும் தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. அது மருத்துவமனையில், மருந்து கையில் இருக்கும்போது நடக்க வேண்டியது.

பால் நின்றது, பேதியும் நின்றது, இனி ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் ஒன்று நின்றபோது மற்றொன்றும் நின்றது என்பது, முதலாவதுதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை. தொற்றுப் பேதி எப்படியும் ஒரு வாரத்தில் அடங்கக்கூடியது. பாலை ஐந்தாம் நாள் நிறுத்தினால் பெயர் பாலுக்குப் போய்விடுகிறது. பெரியவர்களிடமே இந்தக் கணிப்பு எவ்வளவு தவறும் என்பதை 1995ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை காட்டியது. தங்களுக்குப் பால் சுத்தமாக ஆகாது என்று உறுதியாகச் சொன்ன 30 பேருக்கு ஒரு வாரம் சாதாரணப் பாலும் மறு வாரம் லாக்டோஸ் உடைக்கப்பட்ட பாலும், எது எதுவென்று சொல்லாமல், நாளுக்கு ஒரு கப் கொடுத்தார்கள். இரண்டு வாரத் தொந்தரவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்துக்கொண்டிருந்தது. தன் வயிற்றைப் பற்றித் தானே சொல்லத் தெரிந்தவர்களிடமே இப்படி என்றால், பேசத் தெரியாத குழந்தையின் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பால் அப்படி என்ன கட்டாயம் என்ற எதிர்க்கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கட்டாயமில்லை. மீனவர் வீட்டில் முள்ளோடு மசித்த நெத்திலியும் மத்தியும், எல்லா வீட்டிலும் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் எள்ளும் சுண்ணாம்புச் சத்து தரும். 100 கிராம் கேழ்வரகில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் இருக்கிறது. அளவுக்கு மீறிய பாலும் கேடுதான். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தை சோறு உண்ணாது, பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேர் இரத்தசோகையோடு இருந்தார்கள். ஆனால் நடைமுறையில், நிறுத்திய பாலின் இடத்துக்கு நெத்திலியும் முட்டையும் வருவதில்லை, டீயில் நனைத்த பிஸ்கட்டும் ஐந்து ரூபாய் சிப்ஸும்தான் வருகின்றன. சைவ வீட்டுக் குழந்தைக்குப் பாலும் தயிரும் போனால் நல்ல புரதத்துக்கும் பி12 வைட்டமினுக்கும் வழி மிகச் சுருங்கிவிடுகிறது. காரணத்தோடு நிறுத்தினால் மாற்று உணவையும் திட்டமிட்டுக் கொடுக்க முடியும். சந்தேகத்தில் நிறுத்தியவர்கள் அந்தத் திட்டத்தைப் போடுவதே இல்லை.

ஒரு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா என்றால், இந்த வயதில் டெஸ்ட் உதவிக்குத்தான் வரும், தீர்ப்பு சொல்லாது. புதிதாகப் போன மலத்தில் அமிலத்தன்மையும் உடையாத சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்க்கலாம். பஞ்சில் ஊறிப்போனதோ, மணிக்கணக்கில் வைத்ததோ ஆனால் முடிவு தப்பும். மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனைக்குச் சொன்னபடி ஊதத் தெரிய வேண்டும். உடனடி ஒவ்வாமைக்குத் தோல் சோதனையும் ஐஜிஇ இரத்தப் பரிசோதனையும் துணைபுரியும், மெதுவாக வரும் வகையை அவை காட்டாது. ஐஜிஜி என்ற பெயரில் நூறு உணவுகளுக்கு ஒரே இரத்தத்தில் பார்த்துத் தரும் பட்டியலை நம்பி எந்தக் குழந்தையின் உணவையும் குறைக்கக் கூடாது. இந்தியக் குழந்தைக் குடல் மருத்துவர்கள் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியும் பால் புரத ஒவ்வாமையை உறுதிசெய்ய நிறுத்திப் பார்த்துத் திரும்பக் கொடுப்பதையே அடிப்படையாக வைக்கிறது.

பேதி 14 நாளைத் தாண்டினாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் கண் குழிந்து குழந்தை துவண்டாலோ, காலண்டரை ஓரம் வைத்துவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். மாந்தம், தொக்கம், குடலேற்றம் என்று நாட்களைக் கடத்தும்போது உடம்பில் இருக்கும் கொஞ்ச நீரும் போய்விடும். போகும்போது எழுதி வைத்த தாளையும் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை குறித்த அட்டையையும் எடுத்துப் போனால் மருத்துவரின் வேலை பாதி குறையும், ஏனென்றால் சில மாதமாக எடை ஏறவில்லை என்ற ஒரு கோடு ஆயிரம் சந்தேகத்தைத் தீர்க்கும். பால் புரத ஒவ்வாமை என்று உறுதியானாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 முதல் 5 வயதுக்குள் அது விலகிவிடுகிறது. அதனால் ஆறு மாதம், ஓராண்டு என்ற இடைவெளியில் மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை அங்கன்வாடிப் பணியாளரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும், பிறந்தநாள் கேக்கிலும் கோயில் பாயசத்திலும் பால் இருக்கிறது.